றஜிதா கைகொடுத்த கதை

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் இருக்க விட்டிருக்க மாட்டார்கள். ஐஸ் தரையில் ஓர் இளம்பெண் சறுக்கி விழுகிறாள். பின்னால் வந்தவள் நின்று, குனிந்து அவளைத் தூக்கி, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தான் பின்பக்கமாகச் சறுக்கியபடி அவளை எல்லைக்கோடு வரை கூட்டிப் போகிறாள். பின்னணியில் ஒரு புல்லாங்குழல் அழுகிறது. 'மனிதம் வென்ற தருணம்' என்று மஞ்சள் எழுத்து ஓடுகிறது. எனக்கு இதைத் தினமும் யாராவது அனுப்புகிறார்கள், கும்பிடுகிற கைகளும் அழுகிற முகமும் சேர்த்து. வந்த கையோடு நான் அதை அழித்துவிடுகிறேன்.

தூக்கியவள் என் மச்சாள் றஜிதா. என் புருஷன் யேசுரட்ணத்தின் தங்கச்சி. இலங்கை அணியில் போனவள். அவள் செய்ததை மனிதம் என்றும் மண்ணாங்கட்டி என்றும் எழுதுகிற ஒருவருக்கும் அவளைத் தெரியாது. எனக்குத் தெரியும். அவளுடைய உள்பாவாடைக் கிழிசல் வரைக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.

நாங்கள் பாலையூற்று ஆட்கள். யேசுரட்ணம் கடலுக்குப் போகிறவர். நான் விடிய எழும்பி ரோல்ஸும் பற்றிஸும் போட்டுத் துறைமுகப் பக்கத்துக் கன்ரீன்களுக்குக் கொடுக்கிறவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. றஜிதாவைக் கட்டினவன் பிள்ளை தவழுகிற வயதிலேயே இன்னொருத்தியோடு வவுனியாப் பக்கம் போய்விட்டான். அவனைப் பற்றிக் கதைத்து என் வாயை நாற வைக்க எனக்கு விருப்பமில்லை. மகள் நதீஷாவுக்கு நாலு வயதாகும்போது றஜிதா கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பிள்ளை என்னிடம் வளர்ந்தாள். இரண்டு வருஷத்தில் வருகிறேன் என்று போனவள் ஏழு வருஷம் கழித்துத்தான் வந்தாள்.

போன வீட்டில் மூன்று பிள்ளைகள். வெளியே வெயில் கொளுத்துகிற ஊர் என்பதால் பணக்காரப் பிள்ளைகளுக்காகக் கடைத்தொகுதிக்குள் ஐஸ் தரை போட்டு வைத்திருக்கிறார்கள். பின்னேரங்களில் பிள்ளைகள் அங்கே சறுக்க வேண்டும், ஆனால் விழக் கூடாது. வீட்டுக்கார அம்மாவுக்கு, மடம் என்றுதான் றஜிதா சொல்லுவாள், ஐஸில் கால் வைக்கப் பயம். ஆகவே அடியில் கத்தி வைத்த சப்பாத்தை றஜிதாவின் காலில் மாட்டி உள்ளே தள்ளிவிட்டாள். எங்கள் றஜிதா அதுவரை ஐஸை மீன்பெட்டிக்குள் மட்டுமே பார்த்தவள். முதல் மாதம் முழுக்க அவளுடைய இடுப்பும் முழங்காலும் நீலம் பாரித்துக் கிடந்தனவாம். அதை யாரும் படம் பிடித்துப் புல்லாங்குழல் ஊதவில்லை.

பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுதான் வேலை. அதனால் அவள் பின்பக்கமாகச் சறுக்கத்தான் முதலில் பழகினாள். முன்பக்கமாகப் போவது பிறகுதான் வந்தது. பிள்ளை விழுந்தால் அன்றைக்கு ஏச்சு. காயம் பட்டால் ஏச்சோடு இராச்சாப்பாடும் இல்லை. போகப் போக, எந்தப் பக்கம் தொம்மென்று சத்தம் கேட்டாலும் மூளைக்குத் தெரிய முன்னமே அவளுடைய கால் நிற்கும், கை நீளும். இதை ஏழு வருஷம் செய்தாள். இதற்குப் பெயர் மனிதம் என்றால் மாட்டை வண்டியில் கட்டி அடிப்பதற்கும் ஏதாவது நல்ல பெயர் வைக்கலாம்.

இங்கே நதீஷா சைக்கிளால் விழுந்து வாய்க்குக் கீழே நாடி கிழிந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது நான். தேவாலயத்தில் முதல் நன்மை எடுத்தபோது வெள்ளை உடுப்பைத் தைத்துப் போட்டுப் பக்கத்தில் நின்றதும் நான். றஜிதா திரும்பி வந்தபோது மகளுக்கென்று ஒரு சட்டை கொண்டுவந்தாள். மடத்தின் நடுமகளுடைய அளவுக்கு வாங்கின சட்டை. நதீஷாவின் தோள் அதற்குள் நுழையவில்லை. அவள் அதை ஒழுங்காக மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு என்னிடம் வந்து, அவ எத்தனை நாள் நிற்பா என்று கேட்டாள். தாயை 'அவ' என்றுதான் சொல்லுவாள். அம்மா என்ற சொல் வாயில் வராது. இரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், ஒரே சட்டிச் சோற்றைச் சாப்பிட்டும் அது மாறவில்லை.

றஜிதாவுக்கு நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை கிடைத்தது. அங்கே தங்க வந்த ஒருவர் கொழும்பில் பனி விளையாட்டுச் சங்கம் ஒன்றின் பெரிய ஆள். அவருடைய மகன் சில்லுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பளிங்குத் தரையில் விழுந்து விழுந்து எழும்பிக்கொண்டிருந்தான். இவள் சும்மா இருந்திருக்கலாம். போய் அவனுடைய கைகளைப் பிடித்துவிட்டாள். இதெல்லாம் எங்கே பழகினீர் என்று அவர் கேட்க, ஐஸில் என்று சொல்லியிருக்கிறாள். அவருக்குக் கண் விரிந்துவிட்டது. அடுத்த மாதம் பிராந்தியக் குளிர்கால விளையாட்டு விழா. பெண்கள் பிரிவில் ஒருத்தியாவது இல்லாவிட்டால் அணிக்குக் கிடைக்கிற பயண உதவி குறையும். அவர்களிடம் இருந்த ஒரே பெண்பிள்ளை கால் முறிந்து படுத்துக் கிடந்தாள். ஐஸே இல்லாத நாட்டில் ஐஸில் நிற்கத் தெரிந்தவளை எங்கே தேடுவது என்று இருந்தவருக்கு முன்னால் ஒருத்தி தரை கூட்டுகிற தும்புத்தடியோடு நிற்கிறாள்.

கொழும்பில் ஒரு சின்ன ஐஸ் தரையில் சில கிழமைகள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். வேகம் இல்லை, ஆனால் விழமாட்டாள். அது போதும் என்றார்கள். வெல்லத் தேவையில்லை, போய் வந்தால் சரி என்று அணி மனேஜர் அவளுடைய முகத்துக்கு நேரே சொன்னாராம். அணியில் விளையாடுகிறவர்களைவிட உத்தியோகத்தர்கள் அதிகம். மனேஜரின் மனைவி 'பெண்கள் பொறுப்பாளர்'; அந்த அம்மாவின் பொறுப்பு என்னவென்றால் பனிமலைக்கு முன்னால் நின்று படம் எடுப்பது. முதுகில் நாட்டின் பெயர் எழுதின ஜக்கெட் ஒன்றை றஜிதாவுக்குக் கொடுத்தார்கள். ஆம்பிளை அளவு, கை விரலுக்குக் கீழே ஒரு சாண் தொங்கியது. திரும்பி வந்தபோது அதையும் கட்டுநாயக்காவில் வைத்தே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். விமான நிலையத்துக்கு வெளியே அவள் மெல்லிய சட்டையோடு நின்றதைப் பார்த்த எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

அவள் போக முன்பு நான் தடுத்துப் பார்த்தேன். முப்பத்தாறு வயதில் உனக்கென்ன விசரா என்றுகூடக் கேட்டேன். அவள் குசினி வாசலில் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கட்டாரில் பழகினது, இருந்து சாப்பிட இன்னும் வராது.

"மச்சாள், நான் செய்யிற வேலை ஒண்டையும் அவளுக்கு வெளியில சொல்லேலாது. கக்கூஸ் கழுவுறதை ஆரிட்டப் போய்ச் சொல்லுறது? இதை எண்டாச் சொல்லலாம். ஒரே ஒராளுக்கு முன்னால எண்டாலும் அவள் என்னைத் தன்ர ஆள் எண்டு காட்டட்டும். எனக்கு அது காணும்."

அதற்குப் பிறகு நான் தடுக்கவில்லை. போகிற அன்று காலை நதீஷா புத்தகப் பையைக் கொழுவிக்கொண்டு வாசலில் நின்று, போட்டி போனில் தெரியுமா, எத்தனை மணிக்கு என்று கேட்டாள். தாயைப் பார்த்துக் கேட்கவில்லை, பொதுவாகக் கேட்டாள். றஜிதாவுக்கு அதுவே பெரிய விஷயம். எந்த நாட்டுக்குப் போனாளோ அங்கிருந்தும் போன் எடுத்து, 'எத்தினை மணிக்கு எண்டு கேட்டவள் என்ன' என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போட்டி நாளன்று நதீஷா தன்னோடு படிக்கிற றுமானாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வீட்டுக்கு யாரையும் கூட்டி வராத பிள்ளை. யேசுரட்ணம் போனை ரீவியோடு இணைத்துவிட்டு முன்கதிரையைப் பிடித்துக்கொண்டார். நாலு பெண்கள் வரிசையில் வந்து நின்றபோது, இதில் உங்கள் அம்மா யார் என்று றுமானா கேட்டாள். நதீஷா எழும்பிப் போய்த் திரையில் விரலை வைத்துக் காட்டினாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் விரலை வைத்தாள். நான் குசினிக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

பெண்களை அனுப்பின நாடுகள் குறைவு என்பதால் அந்த நாலு பேருக்குத்தான் ஓட்டம், அதில் மூன்று பேருக்குப் பதக்கம். முதல் இருவரும் பறந்தார்கள். மூன்றாவதாக ஒரு பதினாறு வயதுப் பெட்டை. எந்த நாட்டுப் பிள்ளை என்று வேண்டாம், பாவம். கடைசியாக எங்கள் றஜிதா, கொஞ்சம் பின்னால், ஆனால் நிதானமாக வந்துகொண்டிருந்தாள். கடைசிச் சுற்றில் வளைவில் அந்தப் பெட்டை கால் தவறி விழுந்து, உருண்டு போய் ஓரத்து மெத்தையில் அடிபட்டாள். யேசுரட்ணம் கதிரையை விட்டு எழும்பி, விலத்திப் போ, விலத்திப் போ என்று ரீவியைப் பார்த்துக் கத்தினார். விலத்திப் போயிருந்தால் மூன்றாம் இடம். வெண்கலப் பதக்கம் அவளுடைய கழுத்தில். நதீஷா றுமானாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

றஜிதா நின்றாள். திரும்பினாள். குனிந்து அந்தப் பெட்டையை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, உடுப்பில் ஒட்டியிருந்த ஐஸ் தூளைத் தட்டிவிட்டு, இரண்டு கைகளையும் பிடித்து, பின்பக்கமாகச் சறுக்கத் தொடங்கினாள். பெட்டை அழுதுகொண்டு வந்தாள். றஜிதாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று அரபியில் சொல்லியிருக்கிறாள், பிறகு என்னிடம் சொன்னாள். சனம் எழும்பி நின்று கை தட்டினது. எல்லைக்கோட்டைத் தாண்டினதும் இரண்டு பேருடைய பெயரும் பட்டியலை விட்டுப் போயின. ஓட்டத்தின் நடுவே கைகொடுத்தவளும் விலக்கு, கையைப் பிடித்தவளும் விலக்கு. அது அந்த விளையாட்டின் விதி. மூன்றாம் இடம் ஒருவருக்கும் இல்லை.

றுமானா நல்ல பிள்ளை. உங்கட அம்மா எவ்வளவு நல்லவ என்று மனதாரச் சொன்னாள். நதீஷா அவளுடைய கையை விட்டாள்.

"அவ அப்பிடித்தான். விழுற பிள்ளை வேற ஆரின்டையும் பிள்ளையா இருந்தாச் சரி."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். யேசுரட்ணம் ரீவியை நிற்பாட்டினார். றுமானாவைச் சந்தி வரை நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

றஜிதா போன் எடுத்தபோது முதல் கேள்வியே, நதீஷா பார்த்தவளா என்பதுதான். பார்த்தவள் என்றேன். பிள்ளை சொன்னதை நான் சொல்லவில்லை.

"ஏன் நிண்டனான் எண்டு எனக்கே தெரியேல்ல மச்சாள். கால் நிண்டுட்டுது. தூக்கினாப் பிறகுதான் எங்க நிக்கிறன் எண்டு விளங்கினது."

உடுப்பு மாற்றுகிற அறை வாசலில் வைத்து மனேஜர் அவளைக் கிழித்துக் கொடியில் போட்டிருக்கிறார். ஆயா வேலை பார்க்கவா உன்னைக் கூட்டிவந்தேன், நாட்டின் மானத்தை வாங்கிவிட்டாய், வாழ்நாளில் இனி ஐஸில் கால் வைக்க முடியாதபடி பண்ணுகிறேன் என்று. பொறுப்பாளர் அம்மா பக்கத்தில் நின்று தலையாட்டினாவாம். அந்த இரவு ஒருவரும் அவளோடு ஒரு மேசையில் இருந்து சாப்பிடவில்லை. பிறகு யாரோ வெள்ளைக்காரன் அந்த வீடியோவைப் போட, அது உலகம் சுற்றத் தொடங்கியது. உடனே அதே மனேஜர் அதே வாயால், எங்கள் வீரர்களுக்கு நாங்கள் முதலில் கற்றுக்கொடுப்பது மனிதப் பண்புதான் என்று ரீவியில் பேட்டி கொடுக்கிறார். றஜிதாவின் தோளில் கை வேறு. அவள் அந்தக் கைக்குக் கீழே நெளிந்துகொண்டு நிற்கிறாள். நான் மா பிசைந்த கையோடு போய் ரீவியை நிற்பாட்டினேன். பொத்தானில் ஒட்டின மாவை இன்னும் துடைக்கவில்லை.

ஊரும் குறைவில்லை. அவள் ஹோட்டலில் தும்புத்தடி பிடித்தபோது முகம் கொடுத்துக் கதைக்காதவர்கள் எல்லாம் பாராட்டு விழா என்று வந்து நின்றார்கள். சந்தியில் பெரிய பனர் கட்டினார்கள். அதில் பாராட்டுகிறவர்களின் தலைகள் பூசணிக்காய் அளவு, றஜிதா ஒரு மூலையில் எலுமிச்சங்காய் அளவு. மண்டபத்தில் பொன்னாடைக்கு மேல் பொன்னாடை போட்டு அவளுடைய கழுத்தே தெரியாமல் போய்விட்டது. ஒருவர் பேசினார், தன் பிள்ளை பிறர் பிள்ளை என்று பார்க்காத தாயுள்ளம் என்று. இன்னொருவர் எழும்பி அதையே சுற்றிச் சுற்றிச் சொன்னார். நதீஷா எனக்குப் பக்கத்தில் இருந்து தன் நகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். தாயுள்ளம், தாயுள்ளம் என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் பிள்ளையின் விரலில் இரத்தம் கசிந்தது. நான் முந்தானையால் அந்த விரலைச் சுற்றிப் பிடித்தேன்.

நிகழ்ச்சி நடத்தினவனுக்கு அதுவும் போதவில்லை. இப்படியொரு தாயைப் பெற்ற பாக்கியசாலி மகள் மேடைக்கு வரட்டும் என்றான். சனம் கை தட்டியது. பின்னால் இருந்தவர்கள் பிள்ளையை எழுப்பித் தள்ளிவிட்டார்கள். நதீஷா மேலே போனாள். அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று அவன் ஒலிவாங்கியை அவளுடைய வாய்க்குக் கிட்டப் பிடித்தான். றஜிதா பொன்னாடைக் குவியலுக்குள் இருந்து மகளைப் பார்த்தாள்.

"நான் மாமியின்ட பிள்ளை," என்றாள் நதீஷா.

சொல்லிவிட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் இருந்தாள். நிகழ்ச்சிக்காரன் இளித்துக்கொண்டு, பிள்ளைக்கு வெட்கம் என்று சமாளித்தான். பிள்ளை பெறாத எனக்கு அந்த வார்த்தை இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை. மேடையில் இருந்தவளுடைய முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் றஜிதா பொன்னாடைகளை எல்லாம் உதறி மடித்து என்னிடம் தந்து, மேசை துடைக்க உதவும் என்றாள். மறுநாள் வழமைபோல நிலாவெளி பஸ்ஸுக்குப் போனாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். நதீஷா மேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். றஜிதாவின் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போய் அரபியில் கதைத்தாள். திரும்பி வந்து போனை மேசையில் வைத்தாள். கட்டார் மடம்தான் என்றாள். வீடியோ பார்த்தாவாம். இன்னொரு பிள்ளை பிறந்திருக்கிறதாம், திரும்பி வரட்டாம், எவ்வளவு கேட்டாலும் தருவாவாம்.

நதீஷா கொப்பியிலிருந்து தலையை எடுக்காமல், "போங்கோவன்," என்றாள்.

"ஏலாது எண்டனான். ஏன் எண்டு கேட்டவ. எனக்கு இங்க ஒரு மகள் இருக்கிறா எண்டு சொன்னனான்."

அவர்களுக்கு அது தெரியாதா என்று நான் கேட்டேன். தெரியாது என்று றஜிதா தலையை ஆட்டினாள். பிள்ளை இருக்கிறது என்று சொன்னால் வேலைக்கு எடுக்க மாட்டார்கள், போன பிறகும் வாயைத் திறக்காதே என்று ஏஜென்சிக்காரன் சொல்லி அனுப்பினானாம். எங்கள் வீட்டில் இருந்து நான் ஊற்றின தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போன அறுவான். போனில் நதீஷாவின் படத்தைக் கண்டு இது யார் என்று மடம் கேட்டபோது, அண்ணனின் மகள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். எங்களோடு கதைத்துக்கொண்டிருக்கும்போதே படக்கென்று போன் அறுந்துபோகும். சிக்னல் இல்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம். மடம் அறைக்குள் வந்துவிடுவாளாம். ஏஜென்சிக்காரனை நினைக்க எனக்கு அருவருத்தது. எதிரில் நின்ற றஜிதாவைப் பார்க்கவும் அருவருத்தது. ஏழு வருஷம் ஒருத்தி எப்படி அதைச் சொல்லுவாள்?

றஜிதா என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்டைக்கு மேடையில நீ சொன்னதைத்தான் நானும் அங்க சொல்லிக்கொண்டு இருந்தனான். இண்டைக்குத்தான் மாத்திச் சொன்னனான்."

நதீஷாவின் பென்சில் நின்றது. அவள் தாயை நிமிர்ந்து பார்த்தாள். வெறுப்பா, வேறு ஏதுமா என்று என்னால் சொல்ல முடியாது. அந்த நேரம் போன் மறுபடியும் அடித்தது. றஜிதா எடுத்தாள். அந்தப் பக்கம் மடம் கத்துவது எனக்கு மீன் சட்டிக்குப் பக்கத்திலேயே கேட்டது. எனக்கு அரபி தெரியாது, ஆனால் ஏச்சு எந்தப் பாஷையிலும் ஏச்சுத்தான். றஜிதா தலையைக் குனிந்து, ஒரு கையை வயிற்றோடு வைத்துக்கொண்டு, தன் வீட்டுக்குள்ளேயே வேலைக்காரியாக நின்றாள்.

நதீஷா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி வந்தாள். தாயின் கையில் இருந்த போனைப் பறித்துத் தன் காதில் வைத்தாள்.

"எங்கட அம்மாவை ஏச நீங்கள் ஆர்?"

தமிழில்தான். என் கையில் வளர்ந்த பிள்ளை. அதற்குப் பிறகு அவள் வாயில் வந்தவற்றை எல்லாம் நான் இங்கே சொல்ல முடியாது. முகம் சிவந்து, குரல் உடைந்து, மூச்சு வாங்கி வாங்கி ஏசினாள். முதல் வார்த்தையிலேயே மடம் போனை வைத்துவிட்டாள். திரை அணைந்தது எனக்குத் தெரிந்தது, றஜிதாவுக்கும் தெரிந்தது. நாங்கள் இருவரும் அதைப் பிள்ளைக்குச் சொல்லவில்லை.